ப்ராசசர் எதுக்காக காத்துட்டு இருக்கு?

போன வாரம் பெரம்பூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அக்கா பையன் நான் செருப்பு கழட்டறதுக்குள்ள "மாமா, கம்ப்யூட்டர் ரொம்ப ஹேங் ஆகுது, ப்ராசசரை மாத்தச் சொல்லி கடைல சொன்னாங்க, ரிச்சி ஸ்ட்ரீட் போலாமா"ன்னு கேட்டான். இருடான்னு சொல்லி எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தா சிபியு, அதாவது ப்ராசசர், 18 சதவீதம், மெமரி, அதாவது ரேம், 94 சதவீதம். ப்ராசசர் கையைக் கட்டிட்டு உட்காந்திருக்கு, அதுக்கு வேண்டிய சாமான், அதாவது தகவல், வந்து சேரல, அவ்ளோதான் விஷயம்.

அவன்கிட்ட இருக்குறது ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 5 5600ஜி ப்ராசசர், கிட்டத்தட்ட 4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடும்னு வச்சுக்கோங்க, அப்படின்னா ஒரு செகண்டுக்கு 400 கோடி துடிப்பு, ஒரு துடிப்புக்கு கால் நானோ செகண்ட், அந்த நேரத்துல வெளிச்சமே ஏழரை சென்டிமீட்டர்தான் போகும். ஆனா ரேம்ல இருந்து ஒரு தகவல் வந்து சேர சுமார் 75 நானோ செகண்ட் ஆகுது, அதாவது 300 துடிப்பு. இதை நம்ம சமையல்கட்டு கணக்குல பார்த்தா நல்லா புரியும், ஒரு துடிப்பை ஒரு செகண்டா நினைச்சுக்கோங்க. ப்ராசசருக்குள்ளயே இருக்குற குட்டி மெமரிக்கு கேஷ்னு பேர், அதுல ரொம்பப் பக்கத்துல இருக்குற எல்1 கேஷ்தான் அஞ்சறைப்பெட்டி, கடுகு எடுக்க நாலஞ்சு செகண்ட். கொஞ்சம் தள்ளி இருக்குற பெரிய எல்3 கேஷ் மேல் ஷெல்ஃப், முக்கால் நிமிஷம். ரேம் தெருமுனை அண்ணாச்சி கடை, போய்ட்டு வர அஞ்சு நிமிஷம். ரேம் நிரம்பி, ஃபைலெல்லாம் சேமிச்சு வைக்கிற எஸ்எஸ்டில இருந்து எடுக்க வேண்டி வந்துச்சுன்னா, சென்ட்ரல்ல ரயில் ஏறி டெல்லி போய் வாங்கிட்டு திரும்பி வர்ற மாதிரி, மூணு நாள்! அவன் கம்ப்யூட்டர் ஹேங் ஆனது இந்த டெல்லி பயணத்தாலதான்.

அப்போ எல்லாத்தையும் கேஷாவே வச்சுட வேண்டியதுதானேன்னு தோணும். கேஷ்ல ஒரு பிட்டுக்கு (ஒரு 0 அல்லது 1) ஆறு டிரான்சிஸ்டர், அதாவது குட்டி சுவிட்ச், வேணும், இடத்தை அடைக்கும், விலையும் ஏறும். ரேம்ல ஒரு டிரான்சிஸ்டர், சார்ஜ் பிடிச்சு வைக்கிற ஒரு குட்டி கெபாசிட்டர், அவ்ளோதான், ஆனா அந்த கெபாசிட்டர்ல சார்ஜ் ஒழுகிட்டே இருக்கும், அவன்கிட்ட இருக்குற டிடிஆர்4 ரக ரேம்ல 64 மில்லி செகண்டுக்குள்ள எல்லாத்தையும் ஒரு தடவை திரும்ப நிரப்பியாகணும். சிப் சூடு 85 டிகிரி தாண்டுச்சுன்னா இந்த வேலை ரெண்டு மடங்கு, அதனால மே மாசத்துல கேபினெட் ஃபேன்ல தூசி அடைஞ்சிருக்கான்னு பாருங்க.

கேஷ் எவ்ளோ முக்கியம்னு காட்ட ஏஎம்டி 2022ல விட்ட 5800எக்ஸ்3டி ப்ராசசர் ஒண்ணு போதும், 5800எக்ஸை விட வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா எல்3 கேஷ் 32 எம்பில இருந்து 96 எம்பி, நிறைய கேம்ல அண்ணனையே முந்திடுச்சு. ப்ராசசர் வாங்கும்போது ஜிகாஹெர்ட்ஸை மட்டும் பார்க்காம எல்3 எவ்ளோன்னும் பாருங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

இப்போ ரேம் கதைக்கு வரேன். டப்பால 3200, 6000னு போட்டிருக்குறது எவ்ளோ சாமான் அள்ளிட்டு வரும்ங்கறதுக்கான கணக்கு, எவ்ளோ சீக்கிரம் முதல் சாமான் வரும்ங்கறதுக்கு சிஎல் நம்பரையும் அதோட சேர்த்துப் பார்க்கணும். டிடிஆர்4 3200 சிஎல்16, அடுத்த தலைமுறையான டிடிஆர்5 6000 சிஎல்30 ரெண்டுக்கும் கணக்கு போட்டா அதே 10 நானோ செகண்ட்தான் வருது (முன்னாடி சொன்ன 75ல இது ஒரு பகுதி)! டிடிஆர்5ல மூட்டை பெருசு, நடை அதே நடை. ஆனா ஏஎம்டியோட புது ப்ராசசர்களுக்கான ஏஎம்5 மதர்போர்டுல டிடிஆர்5 மட்டும்தான், பழைய டிடிஆர்4 ஸ்டிக்கை அதுல சொருக முடியாது, வெட்டு இருக்குற இடமே வேற.

பையனோட கேபினெட்டைத் திறந்தா ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக். லேபிள்ல 3200, ஓடறது 2400ல, கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங் இருக்குற பயாஸ்ல, லேபிள் வேகத்துல ரேமை ஓட வைக்கிற எக்ஸ்எம்பியை யாரும் ஆன் பண்ணவே இல்ல. ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவுல இருக்குற பாதைதான் சேனல், ஒரு சேனல்ல 2400ன்னா செகண்டுக்கு 19.2 ஜிபி, ரெண்டு சேனல்ல 3200ன்னா 51.2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால ஸ்கிரீன்ல படம் வரையறதுக்கும் இதே ரேம்தான், அதனால அவனுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப பெருசு.

ரிச்சி ஸ்ட்ரீட் போனோம், அதே மாடல்ல இன்னொரு 8 ஜிபி வாங்கினோம். ரெண்டு சேனலும் ஓடணும்னு, நாலு ஸ்லாட்ல ப்ராசசர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் அவனையே வச்சு அழுத்தச் சொன்னேன், கிளிப் டக்குன்னு மாட்டுச்சு, எக்ஸ்எம்பியை ஆன் பண்ணோம். அதே டேப் எல்லாத்தையும் திறந்து வச்சு பார்த்தான், மெமரி 55 சதவீதத்துல நின்னுச்சு. ப்ராசசர் அதே பழைய 5600ஜிதான்.