எடை குறைந்த துப்பாக்கி உதையைக் குறைக்காது

சென்ற வாரம் என் பயிற்சித் தளத்துக்கு வந்த பெண்மணியின் வலப் புருவத்தின் மேல் நான்கு தையல்கள் இருந்தன. மான் வேட்டைக்கென்று அவர் வாங்கிய .308 ரைஃபிள் (இந்த எண்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் குறிப்பவை), ஸ்கோப்பையும் சேர்த்தே 2.7 கிலோதான் இருந்தது. சுட்டபோது பின்னால் பாய்ந்து வந்த ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிட்டது. "உங்கள் உடல்வாகுக்கு எடை குறைந்த துப்பாக்கிதான் பொருந்தும், உதையும் குறைவாக இருக்கும்" என்று விற்றவர் சொன்னதாக அவர் கூறியபோது என்னால் கோபத்தை மறைக்க முடியவில்லை. இதே சொல்லை நம்பி இதே காயத்தோடு இந்தப் பருவத்தில் வந்தவர்களில் அவர் மூன்றாமவர்.

எடை குறைவும் உதை குறைவும், அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி இடிப்பது குறைவதும், ஒன்றல்ல; ஒரே தோட்டாவைப் பொறுத்தவரை அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. குண்டும் வெடிமருந்தின் வாயுவும் எவ்வளவு உந்தத்தோடு முன்னால் பாய்கின்றனவோ, அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் இரும்பும் மரமும் குறையக் குறைய, துப்பாக்கி இன்னும் வேகமாகத் தோளை வந்து இடிக்கிறது. 150 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்) குண்டு கொண்ட வழக்கமான .308 தோட்டாவை 3.6 கிலோ ரைஃபிளில் சுட்டால் உதையின் ஆற்றல் சுமார் 22 ஜூல். அதே தோட்டாவை 2.7 கிலோ ரைஃபிளில் சுட்டால் சுமார் 29 ஜூல். எடையில் கால் பங்கைக் குறைத்தவர் உதையில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டார் என்பதே இதன் பொருள். மூன்று கிலோ ரைஃபிளில் இன்னும் வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுடுபவர் 50 ஜூல் அளவிலான அடியை வாங்குகிறார். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இவற்றில் எதுவும் தெரியாது. நாள் முழுவதும் மேட்டிலும் சேற்றிலும் நடப்பவருக்கு ஒரு கிலோ குறைவது பெரிய நிம்மதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதியை வேண்டுவோர் தோட்டாவின் வலுவையும் கூடவே குறைத்தாக வேண்டும்.

தோள் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று சிலர் பெருமையோடு சொல்கிறார்கள். பிரச்சினை வலியன்று, வெருட்சி. உதையை எதிர்பார்த்து உடல் தானாகவே சுருங்குகிறது. விசையை அழுத்தும் கணத்தில் கண் மூடி, தோள் முன்னே தள்ளி, குழலின் நுனி கீழே இறங்கிவிடுகிறது. இதைச் சுடுபவர் தாமாக உணர்வதே இல்லை. அதனால் நான் உயிர்த் தோட்டாக்களுக்கு நடுவே அவர்களுக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத ஒரு வெற்றுத் தோட்டாவை வைப்பேன். வெடிக்காத அந்த ஒரு முறையில் குழல் எவ்வளவு துள்ளுகிறது என்பதை அவர்களே கண்ணால் பார்ப்பார்கள். அந்தப் பெண்மணி பார்த்தார், பிறகு வெகுநேரம் பேசவில்லை. முந்தைய வாரம் அவர் சுட்ட ஒரு ரோ மான் (சிறிய மான் இனம்) வயிற்றில் அடிபட்டு ஓடியதாம். இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லையாம்.

சட்டத்துக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991-ஆம் ஆண்டு மான் சட்டத்தின்படி செம்மான், சிக்கா, ஃபாலோ, ரோ ஆகியவற்றை வேட்டையாடும் ரைஃபிளின் குழல் விட்டம் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குழல்வாயில் குண்டின் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்குக் (ஓர் அடி-பவுண்டு ஏறத்தாழ 1.36 ஜூல்) குறையக் கூடாது. குண்டின் நுனி மென்மையானதாகவோ உட்குழிவானதாகவோ இருக்க வேண்டும். கேளையாட்டின் உறவினமான முண்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் .220 அங்குலம், 1,000 அடி-பவுண்டு, 50 கிரெய்ன் குண்டு என்ற தளர்வு உண்டு. எனவே உதையே இல்லாத .223 ரைஃபிளோடு ரோ மானுக்குப் போவது குற்றம். ஸ்காட்லாந்தின் விதிகள் வேறு. அங்கே போகுமுன் அவற்றைத் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையையே தடை செய்கிறது என்பதால், அங்கிருந்து படிப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது.

எடை குறைந்த ரைஃபிளை விரும்புவோர் கவனியாமல் விடும் ஒரு கண்ணி இந்த 1,700-இல் இருக்கிறது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. .243 வின்செஸ்டரில் 100 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,960 அடி வேகத்தில் செல்வதாகப் போட்டிருந்தால், ஆற்றல் சுமார் 1,945 அடி-பவுண்டு வருகிறது. குழல் ஓர் அங்குலம் குறையும்போது ஏறத்தாழ 25 முதல் 30 அடி வேகம் போகிறது. எடையைக் குறைப்பதற்காகக் குழலை 16 அங்குலமாக்கிய ரைஃபிளில் அதே தோட்டா 1,700-க்குக் கீழே இறங்கிவிடக்கூடும். விட்டம் சரியாக இருந்தும் அந்தத் துப்பாக்கி சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்த .243 வைத்திருப்பவர் யாராயினும், தயவுசெய்து வேகமானியில் சுட்டு அளந்துவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் தேர்வு 20 முதல் 22 அங்குலக் குழலும், ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோ எடையும் கொண்ட .243. அந்த எடையில் அதன் உதை 13 ஜூல் அளவில்தான் இருக்கும். செம்மானைப் போன்ற பெரிய உடம்புள்ள மான்களையே அதிகம் வேட்டையாடுபவர் சற்று வலுவான தோட்டாவான 6.5 கிரீட்மோர் எடுக்கலாம். உதை கொஞ்சம் கூடும், ஆனால் பழகிவிடலாம். செம்புக் குண்டு பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தொழில்முறைக் குறிப்பு: செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடையுள்ள குண்டு நீளமாகிறது, குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள பழைய .243 குழல்களில் பலவற்றுக்கு 80 கிரெய்னுக்கு மேற்பட்ட செம்புக் குண்டு நிலைப்படாது.

குழல்வாயில் துளையிட்ட பிரேக் உதையைக் குறைக்கும்தான், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பி அருகில் இருப்பவரின் காதைக் கெடுக்கும். அதை நான் யாருக்கும் பொருத்தித் தருவதில்லை. சத்தம் அடக்கும் மாடரேட்டர் உதையையும் குறைக்கும், வெருட்சிக்குப் பாதிக் காரணமான ஓசையையும் குறைக்கும். அதைப் போட்டிருந்தாலும் காதுக் கவசத்தைக் கழற்றாதீர்கள். தோளில் ஊன்றும் பின்கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். கணவரோ தந்தையோ தமது கைக்குப் பார்த்து வாங்கிவந்து பரிசளிக்க வேண்டாம். சுடப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், குறைந்தது பத்துத் தோட்டாவாவது அவரே சுட்டுப் பார்க்கட்டும்.

அந்தப் பெண்மணி .308-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு .243 வாங்குவதற்காகச் துப்பாக்கிச் சான்றிதழில் மாற்றம் கேட்டுக் காவல்துறைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அது வரும்வரை தளத்தின் 3.6 கிலோ ரைஃபிளில் பயிற்சி எடுக்கிறார். நேற்று நூறு மீட்டரில் சுட்ட ஐந்து குண்டுகளும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நடுவே நான் வைத்த வெற்றுத் தோட்டாவுக்குக் குழல் அசையவில்லை.