நெட் வாங்கும் முன் தெருவில் ஒரு நடை

திருச்சியில் வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க், சிசிடிவி போட்டுத் தருவது என் தொழில். பதினான்கு வருடமாக ஏணியும் கையுமாகச் சுற்றுகிறேன். வாரத்துக்கு நாலு பேராவது போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், எந்த நெட் நல்லா இருக்கு?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான். "உங்க வீடு எந்தத் தெரு?"

பலருக்கு இது விளங்குவதில்லை. கம்பெனி பெயரைச் சொல்லாமல் நழுவுகிறான், கமிஷனுக்கு ஏதோ கணக்குப் போடுகிறான் என்றுகூட நினைப்பார்கள். நிஜத்தில் எனக்கு வேறு பதில் கிடையாது. தில்லைநகரில் ஒரு கிராஸில் இரண்டு வருடமாக ஒரு புகாரும் இல்லாமல் ஓடும் கம்பெனி, மூன்று கிராஸ் தள்ளி வாரம் ஒருமுறை படுத்துவிடும். கம்பெனி, பிளான், மாதக் கட்டணம் எல்லாம் ஒன்றே. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கடைசி ஐந்நூறு மீட்டர்தான் வேறு.

அந்த ஐந்நூறு மீட்டர் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பில்லில் இருக்கும் பெயரும் கம்பத்தில் ஏறும் ஆளும் பெரும்பாலும் ஒன்றல்ல. பிஎஸ்என்எல்லின் பாரத் ஃபைபர் என்னும் கண்ணாடி இழை இணைப்பைப் பல இடங்களில் இழுத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் வருமானத்தில் பங்கு வாங்கும் உள்ளூர் கூட்டாளிதான். ரயில்வேயின் கம்பெனியான ரயில்டெல்லின் ரயில்வயர் இணைப்பும் பகுதி கேபிள்காரர் வழியாகவே வீட்டுக்கு வருகிறது. ஜியோவும் ஏர்டெலும் சொந்தமாக ஃபைபர் போட்டிருக்கும் தெருக்களிலும், அறுந்ததை ஒட்ட வருவது பெரும்பாலும் ஒப்பந்த ஆட்கள். அந்த உள்ளூர்க்காரரிடம் அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் சொந்தமாக இருக்கிறதா, கூட வேலைக்கு இரண்டு பேராவது இருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நெட் மாலைக்குள் வருமா, மூன்றாம் நாள் வருமா என்பது முடிவாகும். விளம்பரத்தில் வரும் நடிகருக்கு இதில் வேலையில்லை.

அதனால் பிளான் பார்ப்பதற்கு முன் தெருவில் ஒரு நடை போய்வரச் சொல்வேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பங்களில் வீடுகளுக்குக் கேபிள் பிரியும் ஜங்ஷன் பாக்ஸ் யாருடையது இருக்கிறது என்று பாருங்கள். பாக்ஸே இல்லாத கம்பெனி, "இழுத்துத் தருகிறோம்" என்று இருநூறு மீட்டர் கேபிளை மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாண்டிக் கொண்டுவந்தால், முதல் ஆடிக் காற்றில் தெரிந்துவிடும். அடுத்து, தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ இ-சேவை மையத்திலோ விசாரியுங்கள். நெட் இல்லாவிட்டால் அன்றைக்கு வியாபாரமே இல்லாதவர்கள் அவர்கள். "வேகம் எப்படி?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்ப கட்டாச்சு, எத்தனை மணி நேரத்துல வந்தாங்க?" என்று கேளுங்கள். கடைக்காரர் கொட்டித் தீர்ப்பார்.

வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெட் விளம்பரத்தில் வரும் எம்பிபிஎஸ், டாக்டர் படிப்பு மாதிரியே நிறையப் பேருக்குப் பிடிபடாமல் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு நூறு மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் இறங்கும். ஒரு ஜிபி படத்துக்கு எண்பது நொடி ஆகும். "நூறு எம்பின்னு சொல்லி ஏமாத்திட்டாங்க சார், பன்னிரண்டுதான் காட்டுது" என்று வருத்தப்பட்ட ஒருவருக்கு இந்தக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அவருக்கு வந்துகொண்டிருந்தது முழு வேகம்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு போதும்? ஹெச்டி படம் ஒன்று ஓட ஐந்து எம்பிபிஎஸ், 4கே ஓட பதினைந்து. வீடியோ காலுக்கு மூன்று நான்கு. நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு டிவி, ஒரு ஆன்லைன் வகுப்பு, ஒரு ஆஃபீஸ் கால் சேர்ந்தாலும் நாற்பது ஐம்பதில் தாராளமாக ஓடும். 399 ரூபாய்க்கு 30, 499 ரூபாய்க்கு 40 என்று வரும் பிளான்களைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 399 என்பது 399 அல்ல. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 471. 499 என்பது 589, 699 என்பது 825, 999 என்பது 1179. ஒப்பிடும்போது வரி சேர்த்த தொகையை வைத்தே ஒப்பிடுங்கள். ஓடிடி இலவசம் என்று வருவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த ஓடிடிக்கு நீங்கள் இப்போது தனியாகப் பணம் கட்டவில்லை என்றால், அதில் உங்களுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

"அன்லிமிடெட்" என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ஃபைபர் பிளான்களில் அது பெரும்பாலும் மாதம் 3300 ஜிபி. நாளொன்றுக்கு 110 ஜிபி. ஹெச்டி படம் மணிக்கு மூன்று ஜிபி இழுக்கும் என்று வைத்தால், தினமும் முப்பத்தாறு மணி நேரம் பார்க்க வேண்டும். அதனால் அதை மறந்துவிடலாம். ஏர்ஃபைபர் அப்படியல்ல. 5ஜி டவரிலிருந்து மாடியில் வைக்கும் ஆன்டெனா வழியாக வரும் அந்த இணைப்புகளில் பொதுவாக 1000 ஜிபிதான். 4கே டிவி ஒன்று மணிக்கு ஏழு ஜிபி வரை தின்னும், ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் அதுவே ஆயிரத்தைத் தாண்டிவிடும். பஞ்சப்பூர் பக்கம் புது மனைப்பிரிவுகளில், ஃபைபர் எட்டிப் பார்க்காத இடத்தில், ஏர்ஃபைபரைத்தான் நானே போட்டுக் கொடுக்கிறேன். ஃபைபர் வரும் தெருவில் இருந்துகொண்டு அதை வாங்க மாட்டேன்.

பிளானில் 100 என்று இருந்தும் இரவு ஒன்பது மணிக்கு நெட் திணறுவது ஏன்? ஃபைபரில் கம்பெனி பக்கம் இருக்கும் ஓஎல்டி என்னும் பெட்டியின் ஒரு போர்ட்டிலிருந்து போகும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2500 எம்பிபிஎஸ்) வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தை இழுப்பதில்லை என்பதால் இது தப்பான ஏற்பாடு இல்லை. இடிப்பது பெரும்பாலும் அதற்கு மேலே. உள்ளூர்க்காரர் சென்னையிலிருந்தோ பெரிய கம்பெனியிடமிருந்தோ வாங்கும் மொத்த பேண்ட்வித், அதாவது வேகக் கொள்ளளவு, ஓர் அளவுதான். வாடிக்கையாளர் கூடக் கூட அதைக் கூட்டாமல் இழுத்தடிப்பார்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. யூட்யூப், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவற்றின் படங்களைச் சேமித்து வைக்கும் கேஷ் சர்வர்களை இணைய கம்பெனிகள் தங்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அதனால் மேல் இணைப்பு நிரம்பி வழிந்தாலும் யூட்யூப் சொகுசாக ஓடும், ஆஃபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் மட்டும் தடுமாறும். ஸ்பீட் டெஸ்டும் பக்கத்து சர்வரையே தேடிப்பிடித்து அழகான எண்ணைக் காட்டும். பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு பெண் இதனால் ஆறு மாதம் அவதிப்பட்டார். புகார் செய்தால் ஆள் வருவார், யூட்யூபைப் போட்டுக் காட்டுவார், "நல்லாத்தானே ஓடுது மேடம்" என்று போய்விடுவார். ஆகவே வாங்கும் முன் சோதிக்க நினைத்தால், அதே இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு உங்கள் லேப்டாப்போடு போய் அரை மணி நேரம் ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள். சங்கடமாக இருந்தாலும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடு போனால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

நெட்டைக் குறை சொல்லி என்னைக் கூப்பிடும் வீடுகளில் பாதிக்கு மேல் கோளாறு நெட்டில் இல்லை, வைஃபையில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் இதற்கு நல்ல உதாரணம். ரயில் பெட்டி மாதிரி நீளம். ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். அங்கே ஒரு மாமி, அமெரிக்காவில் இருக்கும் மகனோடு பேசும்போது படம் உறைந்து நிற்கிறது என்று 40லிருந்து 100க்கு பிளானை மாற்றியிருந்தார். ஒரு பயனும் இல்லை. போய்ப் பார்த்தால், ரூட்டர் ரேழியில் இரும்பு பீரோவுக்குப் பின்னால். மாமி பேசுவது சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய பெட்டி, அக்கம்பக்கத்து வைஃபை அத்தனையும் அதே அலைவரிசையில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. முப்பது மீட்டர் கேட்-6 நெட்வொர்க் கேபிளை ஓரமாக இழுத்து, கூடத்தில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள இன்னொரு டூயல் பேண்ட் ரூட்டரை, வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்டாக வைத்தேன். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. பழைய 40 பிளானுக்கே திரும்பச் சொன்னேன். "அப்போ இத்தனை மாசம் கட்டின பணம், தம்பி?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

புது இணைப்பு எடுக்கும்போதே டூயல் பேண்ட் பாக்ஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். ஃபைபரை வாசலோடு நிறுத்தாமல் வீட்டின் நடுவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வருகிற பையன் முகம் சுளிப்பான், நூறு ரூபாய் கொடுத்தால் சரியாகிவிடும். அவர் கிளம்பும் முன் பவர் மீட்டரை வைத்து ஃபைபரில் வரும் வெளிச்சத்தின் அளவைக் காட்டச் சொல்லி ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ ஒட்டி வெளிச்சம் குறைந்திருந்தால் எங்கோ ஒட்டு சரியில்லை, அல்லது கேபிள் மடங்கியிருக்கிறது. இன்று ஓடும், மழைக்காலத்தில் நிற்கும்.

கரண்ட் விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மாலைதான் வரும். மோடம் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்றே சின்ன யுபிஎஸ் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஆனால் உங்கள் பக்கம் மட்டும் பேட்டரி இருந்தால் போதாது. கேபிள்காரரின் பெட்டி யாரோ ஒருவர் வீட்டு மாடியறையில் இரண்டு மணி நேர பேட்டரியோடு இருந்தால், அது அணைந்ததும் தெருவே அணைந்துவிடும். "ஏரியால கரண்ட் போனா எவ்ளோ நேரம் நெட் வரும்?" என்று நேராகக் கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்பவர் நல்லவர். "அதெல்லாம் வரும் சார்" என்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

பணம் கட்டுவதில் நானே ஏமாந்திருக்கிறேன். பன்னிரண்டு மாதம் மொத்தமாகக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்றார்கள். ஆசையாகக் கட்டினேன். மூன்றாம் மாதம் உள்ளூர்க்காரருக்கும் கம்பெனிக்கும் ஏதோ தகராறு, எங்கள் தெருவில் மோடமெல்லாம் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. தொழில் தெரிந்த எனக்கே மீதிப் பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதற்கும் ஐந்து மாதம் ஆனது. முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். ஒரு மழையையும் ஒரு அறுந்த கேபிளையும் பார்த்த பிறகு ஆறு மாதப் பிளானுக்குப் போகலாம்.

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் தனி ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்புக்கான விலாச எண்) கிடைக்காது, பல வீடுகளுக்குப் பொதுவாக ஒன்றைத்தான் தருவார்கள். சாதாரண உபயோகத்துக்கு இதனால் ஒன்றும் இல்லை. சிசிடிவி படத்தைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்ப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோளாறு வந்தால் போனில் புலம்பிவிட்டு விடாதீர்கள், புகார் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாத புகார், புகாரே இல்லை. தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருந்து பயனில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு சேவை பற்றிய வழக்கை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அப்புறம், கம்பெனி மாறும்போது பழைய பாக்ஸை வந்து எடுத்துப்போகும் பையனிடம் ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். பாக்ஸின் சீரியல் எண், தேதி, அவர் பெயர் இருந்தால் போதும். போன மாதம் உறையூரில் ஒருவருக்கு, இரண்டு வருடத்துக்கு முன் திருப்பிக் கொடுத்த மோடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டு மெசேஜ் வந்திருக்கிறது. அவரிடம் கையெழுத்து இல்லை.