கோலாலம்பூரில் மைனஸ் 40 டிகிரி

பட்டறை வாசலை மிதித்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் கார்கள்தாம் என்னிடம் அதிகம் வருகின்றன. கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையில் மூன்று முறை நின்று, பின்னால் வந்தவர்களின் ஹாரன் சத்தத்தையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு வரும் கார், செந்தூலில் என் வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். உரிமையாளரின் முகம் வாடிவிடும். "நான் பொய் சொல்லவில்லை அண்ணே" என்பார். பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். வந்து வந்து போகும் மின்பழுதின் குணமே அதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம்முடைய 2003ஆம் ஆண்டு புரோட்டோன் வாஜாவைக் கொண்டுவந்தார். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இன்ஜின் குலுங்கும், பெட்ரோல் வாடை அடிக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். மறுநாள் காலை எல்லாம் சரியாகிவிடும். ஏற்கெனவே இரண்டு பட்டறைகள் பார்த்தாயிற்று. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் (குளிர்நீரின்) சூட்டை அளக்கும் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். ஸ்பார்க் பிளக், காயில், பேட்டரி எல்லாம் புதிது. கடைசியாக இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மூளையே போய்விட்டதாம், தம்பி" என்றார்.

"காருக்கு மூளை அவ்வளவு சுலபத்தில் போகாது, டீச்சர். நரம்பைப் பார்ப்போம்" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயரோடு பழுதுக் குறியீடு வந்தால், அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. அந்தச் சுற்றில் எங்கோ மின்னழுத்தம் இருக்க வேண்டிய அளவில் இல்லை என்பது மட்டுமே கம்ப்யூட்டருக்குத் தெரியும். சுற்று என்றால் சென்சார், அதிலிருந்து போகும் வயர்கள், நடுவில் உள்ள இணைப்பிகள், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான அர்த், கம்ப்யூட்டரில் வயர் சேரும் ஊசிமுனையான பின் எல்லாம் சேர்ந்தது. ஸ்கேனர் தெருவின் பெயரைச் சொல்லும். வீட்டு எண்ணை நாம்தான் தேட வேண்டும். அதைத் தேடப் பொறுமையில்லாதவர்கள் முதல் வீட்டுக் கதவை இடித்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்கிறார்கள்.

குளிர்நீர் சென்சார் மிக எளிய பொருள். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டர் 5 வோல்ட்டை அனுப்பி, சென்சார் அதை எவ்வளவு கீழே இழுக்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் இழுக்க ஆளில்லை. 5 வோல்ட் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் அது. கோலாலம்பூர் வெயிலில் நிற்கும் காருக்கு மைனஸ் 40! பாவம், அது குளிரில் நடுங்கும் இன்ஜினுக்குக் கொடுப்பதுபோல் பெட்ரோலை அள்ளி ஊற்றும். குலுக்கலும் வாடையும் அங்கிருந்து வருபவைதாம்.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, ஸ்கேனரை ஆசிரியையின் கையில் கொடுத்து எண்ணைப் படிக்கச் சொன்னேன். நான் சென்சாரிலிருந்து வயரை இரண்டு விரலால் பிடித்து, ஒவ்வோர் அங்குலமாக மெல்ல வளைத்துக்கொண்டே போனேன். "91... 92... 92..." வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் படித்துக்கொண்டே வந்தார். வயர்க்கட்டு ஓர் இரும்புப் பிடியின்மேல் திரும்பும் இடத்தில் என் விரல் நின்றது. "மைனஸ் 40!" என்று கத்தினார்.

மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் வயர் துவண்டது. உறையைப் பிளந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. செம்பு இழைகளில் இரண்டோ மூன்றோதான் ஒட்டிக்கொண்டிருந்தன. இருபது ஆண்டு இன்ஜின் அதிர்வில் ஒவ்வோர் இழையாக அறுந்திருக்கிறது. நான்கு அங்குல வயர், கொஞ்சம் ஈயம், சுருங்கும் உறை. வேலை அவ்வளவுதான். தேடத்தான் ஒன்றரை மணி நேரம்.

அப்படியானால் சென்சாரை மாற்றிய இரண்டு முறையும் கார் சில நாள் நன்றாக ஓடியது எப்படி? ஆசிரியையும் இதைத்தான் கேட்டார். சென்சாரைக் கழற்றி மாட்டும்போது வயர் அசைகிறது. அறுந்த முனைகள் மறுபடி தொட்டுக்கொள்கின்றன. மாற்றியவர், தம் கைராசி என்று நினைத்துக்கொள்கிறார். பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் ஏமாந்திருக்கிறார், ஆனால் அடுத்தவர் காசில்.

மீட்டரும் ஏமாற்றும். ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மல்ட்டிமீட்டர் "தொடர்பு இருக்கிறது" என்று கீச்சிடும். அதனால் விளக்கு, மோட்டார், பெட்ரோல் பம்ப் போன்றவற்றுக்குப் போகும் தடித்த வயர்களை, 55 வாட் முகப்புவிளக்கு பல்பு ஒன்றை மாட்டித்தான் பார்ப்பேன். நாலரை ஆம்பியர் ஓடும்போது பல்பு மங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சென்சார் வயரிலோ கம்ப்யூட்டர் பின்னிலோ இந்த வித்தையைக் காட்டிவிடாதீர்கள். நல்ல கம்ப்யூட்டரும் அன்றோடு போய்விடும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், எல்லாச் சென்சாரும் ஒரே நாளில் செத்துவிடவில்லை. அவை பகிர்ந்துகொள்ளும் ஏதோ ஒன்று போயிருக்கிறது. முதலில் பேட்டரி: முழுச் சார்ஜில், ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. அடுத்தது அர்த். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் நடுவில் மீட்டரை வைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்வேன். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.5 வந்தால் அர்த் பட்டையைக் கழற்றித் துரு தேய்க்க வேண்டியதுதான். கியர்பாக்ஸ் வேலைக்குப் பிறகு அந்தப் பட்டையை மாட்ட மறந்த கார்களையும் பார்த்திருக்கிறேன்.

பத்துமலை வாகன நிறுத்துமிடத்தில் உச்சி வெயிலில் நின்ற 90களின் ஹோண்டாவா? பகல் இரண்டு மணிக்கு ஸ்டார்ட் ஆகாது. மாலையில் இழுவை லாரி வருவதற்குள் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். அந்தக் காலத்து ஹோண்டாக்களில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான முதன்மை ரிலேயில் இது பழைய கதை. பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், பின்னைச் சுற்றியுள்ள ஈயத்தில் முடி போல ஒரு வட்ட விரிசல் தெரியும். சூட்டில் விரியும், குளிர்ந்தால் சேரும். சாவியைத் திருப்பியதும் பின்பக்கம் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். முனகவில்லை என்றால் ரிலேவைச் சந்தேகிக்கலாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது போன்ற கார்கள், உள்ளே துடைத்து மெருகேற்றினால் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். கம்பளத்துக்கு அடியில் உள்ள இணைப்பிகளில் களிம்பு பூக்க மாதக்கணக்காகும். இருக்கை வாரைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். இருக்கைத் தண்டவாளத் திருகுகளின் துருவும் சாட்சி சொல்லும்.

என்னைப் போன்றவர்களிடம் வரும்முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: எழுதி வையுங்கள். மழையா வெயிலா, இன்ஜின் சூடா, ஏர்கோன் ஓடியதா, பள்ளத்தில் இறங்கியபோதா, டாங்கில் எவ்வளவு பெட்ரோல். எரியும் விளக்கைக் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டி "ரீசெட்" செய்துவிட்டு வராதீர்கள். பழுது நடந்த கணத்தில் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த வேகம், சூடு, சுமை எல்லாம் அழிந்துவிடும். திருட்டுக்குப் பயந்து எந்தக் காலத்திலோ பொருத்திய அலாரம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றிய அந்த இணைப்புகளில் நான் பாதி நாளைக் கழித்திருக்கிறேன்.

இதை எழுதும்போதும் வாசலில் ஒரு பழைய புரோட்டோன் விரா நிற்கிறது. மழை பெய்தால் மட்டும் இன்ஜின் நின்றுவிடுமாம். மூன்று நாளாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கிறேன், அசைந்துகொடுக்கவில்லை. உரிமையாளர் காலையில் போன் செய்து, "என்னண்ணே, ஆயிற்றா?" என்றார். வடக்கே வானம் கறுத்திருக்கிறது. சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றேன்.