ஒரே மண், இரண்டு நிறம்

ஜெர்மனியின் மியூனிக் நகரில், எக்சேகியாஸ் என்ற ஏதென்ஸ் குயவர் கி.மு. 540–530 வாக்கில் செய்த மதுக்கிண்ணம் ஒன்று இருக்கிறது. அகன்று, ஆழமில்லாமல், இரு கைப்பிடியும் கீழே ஒரு காலும் உள்ள இந்த வடிவத்துக்குக் கைலிக்ஸ் என்று பெயர். உள்ளே, மதுவின் கடவுளான டயோனிசஸ் கப்பலில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தில் திராட்சைக்கொடி படர்ந்திருக்கிறது, சுற்றிலும் டால்பின்கள். மது குறையக் குறையத்தான் கடவுள் துலங்குவார். வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள். ஒருவர் கிண்ணத்தை உயர்த்திக் குடித்தால், எதிரே இருப்பவருக்கு அது முகமூடியாகத் தெரியும், கைப்பிடிகளே காதுகள்.

படத்தைவிட என்னை மலைக்க வைப்பது, இத்தகைய கிண்ணங்களில் பளபளக்கும் கறுப்பு. அது சாயமே அல்ல. இரும்பு மிகுந்த களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவிட்டால், மணலும் பருமனான துகள்களும் அடியில் தங்கிவிடும். மேலே மிதக்கும் மிக நுண்ணிய துகள்களைப் பிரித்து, கெட்டியான குழம்பாக்கித் தூரிகையால் தீட்டினார்கள். கிண்ணமும் மண், படமும் மண். நிறத்தைப் பிரித்தது சூளை.

முதலில் காற்றைத் தாராளமாக விட்டு எரிப்பார்கள். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து, எல்லாமே சிவக்கும். அடுத்து, காற்றுவழிகளை அடைத்துப் பச்சை விறகைப் போடுவார்கள். சூடு 900 டிகிரி செல்சியஸையும் தாண்டும். போதிய காற்று இல்லாமல் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். இப்போது எல்லாமே கறுக்கும். இந்தச் சூட்டில்தான் முக்கியமான காரியம் நடக்கிறது: குழம்பு தீட்டிய இடத்தில் நுண்துகள்கள் இளகி ஒட்டிக்கொண்டு, கண்ணாடிபோல் இறுகிவிடுகின்றன. தீட்டாத இடத்தில் மண்ணின் துளைகள் திறந்தே இருக்கும். கடைசியாக, சூடு சற்றுத் தணிந்ததும் மறுபடி காற்றைத் திறப்பார்கள். துளைகள் வழியே ஆக்சிஜன் புகுந்து வெற்றுமண் திரும்பச் சிவக்கும். இறுகிய படலத்துக்குள் அது நுழைய முடியாது. கறுப்பு அப்படியே நிற்கும்.

கி.மு. 525 வாக்கில் ஏதென்ஸ் ஓவியர்கள் முறையைத் தலைகீழாக்கினார்கள். பின்புலத்தைக் கறுப்பாக்கி, உருவங்களை மண்ணின் சிவப்பிலேயே விட்டார்கள். உடலின் தசைக்கோடுகளை மெல்லிய தூரிகையால் வரைய முடிந்தது இதனால்தான். சூளை வித்தை மட்டும் மாறவில்லை.

வெப்பமானி இல்லாத காலத்தில் எந்தக் கட்டத்தில் எதை அடைப்பது, எப்போது திறப்பது என்று எப்படிக் கணித்தார்கள்? ஏதென்ஸ் அகழாய்வில் அதற்கான தடயம் கிடைத்திருக்கிறது: குழம்பு பூசிய, நடுவே துளையிட்ட ஓட்டுத் துண்டுகள். எரியும் சூளைக்குள் கொக்கியை விட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, நிறம் பார்த்திருக்கிறார்கள்.