பார்வோ வைரஸின் 5,200 எழுத்துகள்

1978-ல் பல நாடுகளில் நாய்க்குட்டிகள் வாந்தியெடுத்து, ரத்தமாகக் கழிந்து, கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம், அதுவரை நாய்களிடம் கண்டிராத ஒரு பார்வோ வைரஸ். பூனைகளைத் தாக்கும் பான்லூகோபீனியா வைரஸோ அதன் நெருங்கிய உறவோதான் நாய்க்குத் தாவியிருக்கிறது. இரண்டின் மரபணு எழுத்துகளையும் (ஏ, டி, ஜி, சி எனக் குறிக்கப்படும் டிஎன்ஏ அலகுகள்) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 98 சதவீதத்துக்கு மேல் ஒன்றே. வைரஸின் வெளி ஓடாக அமையும் ஓட்டுப் புரதத்தில் மாறிய சில இடங்கள் போதும், நாயின் செல்மேல் உள்ள டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற புரதத்தை வைரஸ் பற்றிக்கொள்ள.

வைரஸின் மரபணுத்தொகுதி ஒற்றை இழை டிஎன்ஏ. மொத்தமே சுமார் 5,200 எழுத்துகள். அதைப் படிக்க, நோயுற்ற குட்டியின் மலத்தைப் பஞ்சுக்குச்சியில் எடுத்தால் போதும். ஆனால் அந்த மாதிரியில் வைரஸோடு குடல் பாக்டீரியாவும் நாயின் செல்களும் கலந்திருக்கும். அதனால் பார்வோவின் எழுத்துகளோடு மட்டும் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளைச் சேர்த்து, பிசிஆர் முறையில் வைரஸின் பகுதிகளைப் பல மடங்கு பெருக்குகிறார்கள். ஒரு பகுதியின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இவற்றை அமைப்பார்கள். பிறகு எப்படி ஒட்டவைப்பது என்பதை அந்தப் பொது எழுத்துகளே காட்டிவிடும்.

படிக்கும் வழிகள் பல. நானோபோர் கருவியில், நுண்ணிய துளை வழியே டிஎன்ஏ இழை நகரும்போது மின்னோட்டம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து எழுத்துகளைக் கணினி ஊகிக்கிறது. ஒரு தடவை படித்ததில் பிழை இருக்கலாம். அதனால் ஒவ்வோர் இடத்தையும் பல தடவை படித்து, அதிகம் வந்த எழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இழையின் இரு முனைகள் மட்டும் தம்மீதே மடங்கி ஒட்டிக்கொண்டிருப்பதால், அவற்றைப் படிப்பது சிரமம்.

சரி, படித்து என்ன தெரிகிறது? விபி2 என்ற ஓட்டுப் புரதத்தின் 426-ம் இடத்தைப் பாருங்கள். புரதத்தின் ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலம் வரும் என்பதை மூன்று எழுத்துகள் முடிவு செய்கின்றன. 426-ல் ஏஏடி என்ற மூன்றெழுத்து இருந்தால், அது நாய்ப் பார்வோவின் 2ஏ வகை. முதல் எழுத்து மாறி ஜிஏடி ஆனால் 2பி. கடைசி எழுத்தும் மாறி ஜிஏஏ ஆனால் 2சி. இது 2000-ல் இத்தாலியில் கண்டறியப்பட்டது. டிஎன்ஏ வைரஸுக்கு இது வேகமான மாற்றம்தான்: ஓர் இடத்துக்கு ஓர் ஆண்டில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று. மொத்த நீளத்துக்குக் கணக்கிட்டால், இரண்டு ஆண்டுக்கு ஓர் எழுத்து.

இந்த ஒரே இடத்தை வைத்து வகை பிரிப்பது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. 1978-ன் மூல வகையிலும் அங்கே 2ஏ-க்கு உள்ள அதே அமினோ அமிலம்தான். ஆனால் மூல வகை பூனையைத் தொற்றாது, 2ஏ தொற்றும். அந்த வித்தியாசம் 87, 300, 305 போன்ற இடங்களில் இருக்கிறது.

இது நடைமுறைக் கேள்வியும்கூட. தடுப்பூசியில் இருக்கும் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ், ஊசி போட்ட பின் சில நாட்கள் குட்டியின் மலத்தில் வெளியேறும். அப்போது குட்டிக்குக் கழிச்சல் வந்தால், சாதாரண பிசிஆர் சோதனை வெறுமனே ‘பார்வோ உண்டு’ என்று சொல்லக்கூடும். அது ஊசியின் வைரஸா, தெருவில் தொற்றியதா என்பதை எழுத்துகளைப் படித்தால் பிரித்தறியலாம்.