பேத்திக்குச் சேர்க்கும் முத்துமாலை: நடுமுத்திலிருந்து தொடங்குங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு பாட்டி சிறிய மரப்பெட்டி ஒன்றை என் மேசைமேல் வைத்தார். பேத்தி பிறந்ததிலிருந்து ஆண்டுக்கு ஒரு முத்தாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். மொத்தம் 14 முத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து, மேலே ஆண்டு எழுதியிருந்தது. "18 வயதில் மாலையாகக் கோத்துக் கொடுக்க வேண்டும். இப்போதே ஒருமுறை அடுக்கிக் காட்டுங்களேன்" என்றார்.

ஜன்னலோரம் சாம்பல் நிறத் துணியை விரித்து அடுக்கினேன். ஐந்து முத்துகளில் வெண்மைமேல் இளஞ்சிவப்புச் சாயல். மூன்று பாலாடை நிறம். இரண்டில் பச்சை ஓடியது. மீதி நான்கும் ஆளுக்கொரு நிறம். சிறியது 5 மில்லிமீட்டர், பெரியது 8.5. தனியாக எடுத்துப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அந்த அம்மாவின் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இத்தனை ஆண்டு ஆசையாகச் சேர்த்தவரிடம் தொடக்கத்திலேயே யாரும் இதைச் சொல்லவில்லையே என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் முத்தை வாங்கும்போதே முடிந்த மாலை உங்கள் மனக்கண்ணில் இருக்க வேண்டும். எல்லா முத்தும் ஒரே அளவா, அல்லது நடுவில் பெரிதாகி ஓரங்களில் சிறுத்துவரும் சரமா? மொத்தம் எத்தனை முத்து? 6 மி.மீ. முத்தில் ஒரே அளவாகக் கோத்தால், இடைமுடிச்சும் கொக்கியும் சேர்த்து 41, 42 சென்டிமீட்டர் மாலைக்கு ஏறக்குறைய 60 முத்து வேண்டும். ஆண்டுக்கு ஒன்று என்று சேர்த்தால் பேத்திக்கே பேத்தி பிறந்துவிடும். நடுமுத்து ஒன்று, பிறகு ஆண்டுக்கு நான்கு என்று வைத்தால் 15 ஆண்டில் 61 ஆகிவிடும்.

நான்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முத்து எப்போதும் ஜோடியாகத்தான் சேர வேண்டும், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நடுமுத்தை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கு இருபுறமும் ஜோடி ஜோடியாக வெளிநோக்கி வளர்த்துக்கொண்டு போங்கள். பத்து ஆண்டு கழித்து வாங்கும் முத்து முதலில் வாங்கியதோடு நூறு சதவீதம் ஒத்துப்போகாது. அறுவடைக்கு அறுவடை நிறம் மாறும். பழைய முத்துகளில் சில லேசாக மஞ்சளடைந்தும் இருக்கும். வெளிநோக்கி வளரும் மாலையில் அந்த வேறுபாடு படிப்படியாக நகர்ந்து பின்கழுத்துக்குப் போய்விடும், கண்ணை உறுத்தாது. வசதி இருப்பவர்களுக்கு நான் சொல்வது இன்னும் எளிது: ஒரே சரத்தை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

அடுத்து, எந்த முத்து? "இது ஒரிஜினலா?" என்று கேட்காதவர்கள் குறைவு. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோகிச்சி 1893-இல் அரைக்கோள வடிவில் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டினார். இன்று சந்தையில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பு முத்துகள்தான். அவையும் சிப்பிக்குள் விளைந்த உண்மையான முத்துகளே. கேட்க வேண்டிய கேள்வி, மேலே படிந்திருக்கும் முத்துப்படலம் எவ்வளவு தடிமன் என்பது. அகோயா போன்ற கடல்முத்துகளில் உள்ளே சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த மணி ஒன்று கருவாக இருக்கும். அதன்மேல் படியும் படலம் பல முத்துகளில் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நன்னீர் முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கரு கிடையாது, உள்ளும் புறமும் படலமே.

துளையில் பார்த்தால் இது தெரியும். பத்து மடங்கு லென்ஸை வைத்துத் துளையின் விளிம்பைப் பாருங்கள். கருவுக்கும் படலத்துக்கும் நடுவே மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் வளையம் காகிதக் கனம்தான் என்றால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். விளிம்பில் செதிள் பெயர்ந்திருந்தாலும் அப்படியே. படலம் மெலிந்த முத்தைச் சாய்த்து உருட்டினால் உள்ளிருக்கும் மணி ஒரு கணம் மின்னி மறைவதுண்டு. பேத்தியின் கைக்குப் போய், அவள் மகளிடமும் போக வேண்டிய பொருள் இது. அப்பழுக்கற்ற ஆணிமுத்துதான் வேண்டும் என்று தேடுவதைவிட, சின்னஞ்சிறு புள்ளி ஒன்றிரண்டு இருந்தாலும் படலம் தடித்து நீரோட்டம், அதாவது முத்தின் ஒளிர்வு, தெளிவாக இருக்கும் முத்தை நான் எடுப்பேன். புள்ளியைத் துளைக்கு அருகே ஒதுக்கிவிடலாம், மெலிந்த படலத்தை ஒன்றும் செய்ய முடியாது.

நிறம் பொருத்தப் போகும்போது நடுமுத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கைப்பேசிப் படத்தை நம்ப வேண்டாம். கடையின் மஞ்சள் விளக்கு எல்லா முத்தையும் ஒரே நிறமாகக் காட்டும். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில், வெள்ளை அல்லது சாம்பல் துணிமேல் இரண்டையும் உருட்டிப் பாருங்கள்.

மாலை வளரும் வரை ஐந்தாறு முத்தை உலோகச் சங்கிலியில் கோத்துக் குழந்தைக்குப் போட்டு அழகு பார்க்க ஆசை வரும். முத்தின் கடினம், வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவையில் 2.5 முதல் 4.5 வரைதான், சங்கிலி அசையும்போதெல்லாம் துளையின் வாயை அராவிக்கொண்டே இருக்கும். ஒன்பது ஆண்டுகள் இப்படிக் கிடந்த முத்து ஒன்று என்னிடம் வந்தது. துளை ஒரு பக்கமாக இழுபட்டு நீள்வட்டமாகிவிட்டிருந்தது. பட்டுநூலில், ஒவ்வொரு முத்துக்கும் இடையே முடிச்சிட்டுக் கோப்பதுதான் பாதுகாப்பு. அறுந்தாலும் ஒன்றுக்கு மேல் உருண்டோடாது.

அதைவிட முக்கியமானது குழந்தையின் உயிர். 6 மி.மீ. முத்தைக் கைக்குழந்தை விழுங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கலாம். கழுத்தில் கிடக்கும் சரம் தூக்கத்தில் எங்காவது மாட்டி இறுக்கலாம். புகைப்படத்துக்காக ஐந்து நிமிடம்கூட வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். சின்ன வயதில் மாலை பெட்டியிலேயே இருக்கட்டும்.

பெட்டி என்றதும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. முத்துக்குள் சிறிதளவு ஈரம் இருக்கிறது, மிகவும் வறண்டால் விரிசல் விடும். மென்மையான துணிப்பையே போதும். வாசனைத் திரவியம், வியர்வை, எலுமிச்சை எதுவும் படக் கூடாது, பட்டால் ஈரத்துணியால் உடனே துடையுங்கள்.

அந்தப் பாட்டியின் 14 முத்துகளில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஐந்தையும் அளந்தேன். ஒன்று 7 மி.மீ., இரண்டு 6.5, இரண்டு 6-ஐ ஒட்டியவை. நடுவில் ஒன்று, இருபுறமும் இரண்டிரண்டு என்று மாலையின் நெஞ்சுப்பகுதி அங்கேயே அமைந்துவிட்டது. பாலாடை நிறத்தில் இரண்டு காதுத்தோடுகளாயின. மற்றவற்றை அவர் பழைய காகிதங்களிலேயே மடித்துக்கொண்டார். ஒரு தாளில் அளவு, சாயல், நன்னீரா கடலா, வாங்கிய நாள் எல்லாம் எழுதச் சொன்னேன். "நானே எழுதுகிறேன், என் கையெழுத்தும் அவளிடம் இருக்கட்டும்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அடுத்த பிறந்தநாளுக்கு 5.5 மி.மீ.யில் இரண்டு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறோம்.