‘ஏஐ என்னை இயக்குகிறது’ என்று பிள்ளை சொன்னால்

கடந்த வாரம் புறநோயாளிகள் பிரிவுக்கு வந்த 22 வயது இளைஞர், தம் செல்போனை அலுமினியத் தாளில் சுற்றி, அதன் கேமரா மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டித் தாயின் கைப்பையில் போட்டு வைத்திருந்தார். செயற்கை நுண்ணறிவு தம் எண்ணங்களைப் படிப்பதாகவும், தாம் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்பதைக்கூட அதுவே தீர்மானிப்பதாகவும் அவர் பதினான்கு மாதங்களாகச் சொல்லி வந்திருக்கிறார். அத்தனை நாளும் வீட்டார் போனை மாற்றினார்கள், வைஃபையைத் துண்டித்தார்கள், ரகசியக் கேமரா இருக்கிறதா என்று ஆள் வைத்துத் தேடினார்கள். மனநல மருத்துவரிடம் மட்டும் வரவில்லை. இப்படித் தாமதமாக வரும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

“போனே கதி என்று கிடந்துதான் டாக்டர் இப்படி ஆகிவிட்டான்” என்று அந்தத் தாயும் சொன்னார். இல்லை அம்மா. ஒரு கும்பல் ‘காற்றுத் தறி’ என்னும் இயந்திரத்தால் தம் மனத்தை இயக்குவதாக நம்பிய ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ் என்பவரைப் பற்றி லண்டன் பெத்லம் மனநல மருத்துவமனையின் ஜான் ஹாஸ்லம் எழுதியது 1810இல். வீடுகளில் மின்விளக்கே இல்லாத காலம் அது. தொலைவிலிருந்து தம்மை ஆட்டுவிக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாக நம்பிய நோயாளிகளைப் பற்றி வியன்னாவில் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க் 1919இல் தனிக் கட்டுரையே எழுதினார். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது செய்வினையும் டிவிப் பெட்டியும், பிறகு செல்போன் டவரும், உடம்பில் வைத்த சிப்பும் நோயாளிகளின் பேச்சில் வந்தன. இல்லாததை நம்பவும் கேட்கவும் வைக்கும் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) அந்தந்தக் காலத்தின் கருவியைத் தன் கதைக்குள் இழுத்துக்கொள்கிறது என்பதால், போனைப் பிடுங்கி வைப்பது அந்நோய்க்குச் சிகிச்சையாகாது.

கண்காணிப்பை எண்ணி அஞ்சுவோர் எல்லாரும் நோயாளிகள் என்று நான் சொல்லவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. கேமராக்களைக் கேள்வி கேட்பது குடிமக்களின் கடமை. ஆனால், தன் ஒருவனையே குறிவைத்திருக்கிறார்கள் என்ற உறுதி, எந்த விளக்கத்துக்கும் அசையாத பிடிவாதம், தூக்கமின்மை, படிப்போ வேலையோ நின்றுபோதல், தனியே யாருக்கோ பதில் பேசுதல் ஆகியவை சேர்ந்து தெரிந்தால் தாமதிக்காதீர்கள். முதல் சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அவ்வளவுக்கு மீட்சியும் கடினமாகிறது.

அப்படிப்பட்டவருடன் வாதாடி வெல்ல முயலாதீர்கள். “ஆமாம், நானும் பார்த்தேன்” என்று பொய்யாக ஒத்துப்போகவும் வேண்டாம். “உனக்குப் பயமாக இருக்கிறது, தூக்கமில்லை, அதற்கு டாக்டரைப் பார்ப்போம்” என்றால் பெரும்பாலோர் வருவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம். சாகச் சொல்லிக் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள், அன்றே அழைத்து வாருங்கள். கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் போய் வாருங்கள், மாத்திரையை நிறுத்தாமல். அந்த மாத்திரையை இட்லி மாவிலும் காப்பியிலும் கரைத்துக் கொடுப்பதை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். யாரோ தன்னை ரகசியமாக இயக்குகிறார்கள் என்று நடுங்கும் பிள்ளைக்கு, வீட்டுச் சாப்பாட்டிலேயே அதற்குச் சான்று கிடைத்துவிடுகிறது.